கடல்மேல் ஒரு பந்தி



கோடைக்காலத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் சென்றவர்கள் வழியில் காணும் காட்சியை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம். நீர் வற்றிய கண்மாய். அதன் கரையில் வரிசையாக நிற்கும் பனைமரங்கள். குடங்களை ஏற்றிய தள்ளுவண்டியோடு தெருக்குழாயை நோக்கி நடக்கும் பெண்கள். இந்த நிலத்து மாணவர்களிடம், நடுக்கடலில் மிதக்கும் உல்லாசக் கப்பலின் விருந்தையும் பொழுதுபோக்கையும் பற்றிப் பேச ஒருவர் வந்தால், "குடிநீருக்கே வழி தேடும் ஊரில் கப்பல் விருந்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். உல்லாசக் கப்பலின் உண்மையான மறைபொருளை விரைவில் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் அல்லர். வறண்ட நிலத்தில் வாழும் நீங்களே.

திருச்சுழி என்னும் பெயரையே எண்ணிப் பாருங்கள். முன்னொரு காலத்தில் பெருவெள்ளம் ஒன்று இந்நிலத்தை அழிக்க வந்ததென்றும், சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, வெள்ளம் சுழித்துக்கொண்டு அத்துளையில் இறங்கி மறைந்ததென்றும் தலபுராணம் கூறுகிறது. அந்தச் சுழியே ஊரின் பெயராயிற்று. வெள்ளத்தின் பெயரைத் தாங்கிய ஊர், ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கும் குண்டாற்றின் கரையில் மழையை எதிர்நோக்கி நிற்கிறது. உல்லாசக் கப்பலின் நிலையும் இதற்கு ஒப்பானதே. அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை நீர். அதில் ஒரு மிடறு குடிக்க இயலாது. கரையைவிட்டு அகன்ற கணத்திலிருந்து அக்கப்பலும் ஒரு வறண்ட ஊரே. அவ்வூரில் நாள்தோறும் விருந்து நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கப்பல் என்பது இந்தக் கரிசல் நிலத்துக்குப் புதியதன்று. அருப்புக்கோட்டை வழியாகச் செல்லும் மதுரை நெடுஞ்சாலை தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் சென்று முடிகிறது. அத்தூத்துக்குடியில்தான் 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அவ்வழி இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்தன.

மலேயாவுக்குச் சென்றவர்கள் மறக்காத கப்பல் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ரஜூலா'. 1926-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சிலருக்கே அறைகள் இருந்தன. மற்றவர்கள் யாவரும் தளப்பயணிகள். தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. அவர்கள் தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார்கள். தட்டேந்தி வரிசையில் நின்று உணவு பெற்றார்கள். 'ரஜூலா'வுக்குப் பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985-ஆம் ஆண்டில் அதில் நேர்ந்த தீவிபத்தோடு அதன் பயணமும் முடிந்தது. அக்கப்பல்களில் உணவும் உறக்கமும் ஊர் போய்ச் சேர்வதற்கான வழிகள். பயணத்தின் நோக்கம் அவையல்ல.

உல்லாசக் கப்பலில் இந்த முறை தலைகீழாகிறது. அங்கே போய்ச் சேரும் இடம் இரண்டாம் நிலை. கப்பலில் தங்குவதே நோக்கம். சென்னையில் ஏறியவர் சில நாள் கழித்துச் சென்னையிலேயே இறங்கலாம். இப்பழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. 1900-ஆம் ஆண்டில் ஜெர்மானியர்கள் உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு கப்பலைக் கட்டினார்கள். எனினும் இத்தொழில் பெருகியதற்குக் காரணம் கடல் அன்று, ஆகாயமே. 1958-ஆம் ஆண்டில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. நாள்கணக்கில் கடலில் மிதந்தவர்கள் சில மணிநேரத்தில் அக்கரை சேர்ந்தார்கள். வேலையிழந்த கப்பல்கள் வேறு தொழில் தேடின. விரைவில் விமானத்தோடு போட்டியிட இயலாத கப்பல், தன் மெதுவான போக்கையே விற்பனைப் பொருளாக்கிக்கொண்டது.

இன்று அக்கப்பல்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து முதற்பயணம் புறப்பட்டபோது, 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பல் உலகிலேயே மிகப் பெரிய பயணிகள் கப்பலாக இருந்தது. நீளம் ஏறத்தாழ 365 மீட்டர், தளங்கள் 20, மொத்த டன் அளவு ஏறத்தாழ 2,48,000. 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்'கைப் போல் அது ஐந்து மடங்கு. இங்கே ஒரு குறிப்பு. கப்பல்களுக்குக் கூறப்படும் 'மொத்த டன்' எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளே அடங்கும் இடத்தின் அளவைக் குறிப்பது. அக்கப்பலில் மிகுதியாக 7,600 பயணிகள் வரை தங்கலாம். அவர்களுக்குப் பணி செய்வோர் 2,350 பேர். ஆக ஏறத்தாழ பதினாயிரம் பேர். அருப்புக்கோட்டை நகராட்சியில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்த மக்கள் ஏறத்தாழ 87,000. அதில் ஒன்பதில் ஒரு பங்கு மக்களை ஒரே கட்டடத்தில் குடியேற்றி, அக்கட்டடத்தைக் கடலில் தள்ளிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் இத்தகைய பயணம் உண்டு, அளவு சிறியது. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசப் பயணம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது.

இனிப் பந்திக்கு வருவோம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் சமையற்காரர் முதலில் கேட்பது, "எத்தனை இலை?" என்னும் கேள்விதான். கப்பலின் தலைமைச் சமையற்காரரும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கல்யாண வீட்டில் எதிர்பாராத விருந்தினர் வந்துவிட்டால், அடுத்த வீட்டில் அரிசி அளந்து வாங்கலாம். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பலாம். நடுக்கடலில் அடுத்த வீடும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பதினாயிரம் பேரில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு முட்டை உண்பதாகக் கொண்டால், ஏழு நாளைக்கு 70,000 முட்டை வேண்டும். அரிசி, மாவு, இறைச்சி, காய், கனி, பால் என ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே கணக்குண்டு. முன்சென்ற பயணங்களில் எந்த நாட்டவர் எதை எவ்வளவு உண்டார்கள் என்னும் குறிப்பேட்டைப் பார்த்தே அடுத்த பயணத்துக்குச் சரக்கு வாங்கப்படுகிறது.

கப்பல் தன் தாய்த்துறைமுகத்தில் நிற்கும் ஒரு பகலில், பழைய பயணிகள் இறங்குவதும், புதியவர்கள் ஏறுவதும், சரக்கு ஏறுவதும் ஆகிய மூன்றும் நிகழ வேண்டும். சரக்கு நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளங்களுக்குச் செல்கிறது. அங்கே இறைச்சிக்கு ஓர் உறைகிடங்கு, மீனுக்கு மற்றொன்று, காய்கறிக்கு வேறொன்று, பாலுக்கும் கனிக்கும் தனித்தனி அறைகள். முதலில் வந்த சரக்கு முதலில் அடுப்புக்குச் செல்ல வேண்டும் என்பது அங்கே மாறாத விதி. நம் வீட்டுக் குதிரில் பழைய தானியத்தைச் செலவிட்ட பின்பே புதியதைத் தொடும் பாட்டிமாரின் விதியும் இதுவே.

சமையற்கூடத்தில் தீயின் சுடரைக் காண்பது அரிது. கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய பகையில்லை. ஆதலின் அடுப்புகள் மின்சாரத்தால் இயங்குகின்றன. ரொட்டி சுடுவோர் பயணிகள் உறங்கும்போதே வேலையைத் தொடங்குகின்றனர். இறைச்சி வெட்டுவோர், காய் நறுக்குவோர், சாறு காய்ச்சுவோர், இனிப்புச் செய்வோர் எனத் தொழில் பலவாகப் பிரிந்துள்ளது. உண்ணும் இடங்களும் பல. பெரிய உணவுக்கூடத்தில் இரவு உணவு பல கப்பல்களில் முதற்பந்தி, இரண்டாம் பந்தி என இரு வேளையாக நடைபெறுகிறது. ஒரே நேரத்தில் எல்லாருக்கும் இடமில்லாத வீட்டில் நாம் கண்ட வழியையே அவர்களும் கண்டிருக்கிறார்கள். மேல்தளத்தில் வேண்டியதைத் தாமே எடுத்துண்ணும் கூடம் ஒன்று உண்டு. இவற்றுக்குரிய பணம் பயணக் கட்டணத்திலேயே அடங்கும். இவையன்றித் தனிப்பணம் கொடுத்து உண்ணும் சிறு உணவகங்களும் உண்டு.

இத்தனை பேர் ஓரிடத்தில் உண்ணும்போது நோய் பரவும் அச்சம் எப்போதும் உண்டு. ஒருவர் கை கழுவாமல் கரண்டியைத் தொட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரண்டு நாளில் கப்பல் முழுவதும் பரவலாம். ஆகவே சூடான உணவு 57 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்கு மிகாமலும் வைக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்கத் துறைமுகங்களில் நுழையும் கப்பல்களுக்குரிய விதி. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 1975 முதல் அக்கப்பல்களைச் சோதித்து நூற்றுக்கு இவ்வளவு என மதிப்பெண் இட்டு வருகிறது. 85 பெற்ற கப்பல் தேறவில்லை என்றே எழுதப்படும். தேற வேண்டுமானால் 86 வேண்டும். முப்பத்தைந்து பெற்றால் தேறிவிடும் நம் தேர்வுகளை எண்ணிக் கப்பல் சமையற்காரர்கள் பொறாமைப்பட இடமுண்டு!

உணவைக் கரையிலிருந்து ஏற்றலாம். நீரை என்ன செய்வது? ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று ஒரு பேச்சுக்குக் கொண்டாலும், பதினாயிரம் பேருக்கு 20 லட்சம் லிட்டர் வேண்டும். அதன் எடை 2,000 டன். ஏழு நாளைக்குரியதைச் சுமந்து செல்வது வீண் பாரம். ஆதலின் பெரிய கப்பல்கள் தமக்கு வேண்டிய நன்னீரில் பெரும்பகுதியைக் கடலிலிருந்து தாமே செய்துகொள்கின்றன. அதற்கு வழிகள் இரண்டு.

முதல் வழி காய்ச்சி வடித்தல். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நீர் 100 பாகை வெப்பத்துக்கு முன்னரே கொதித்துவிடும் என்பதையும், அதனால் அங்கே சோறு வேக நேரமாகும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். கப்பலில் ஒரு மூடிய கலத்திலிருந்து காற்றைப் பெரும்பாலும் இறைத்துவிட்டு, அதில் கடல்நீரைச் செலுத்தினால், கைபொறுக்கும் வெப்பத்தைவிடச் சற்றே மிகுந்த வெப்பத்தில் அது கொதிக்கிறது. அவ்வெப்பத்துக்காகத் தனியே எரிபொருள் வேண்டுவதில்லை. எஞ்சினைக் குளிர்வித்து வரும் சுடுநீரே போதும். வீணாகிப் போகும் வெப்பம் குடிநீரைத் தருகிறது.

இரண்டாம் வழி எதிர்ச் சவ்வூடு பரவல். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அந்நீரை, நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு அழுத்தத்தில் மெல்லிய சவ்வு ஒன்றின் மீது செலுத்துகிறார்கள். நீர் கடந்து செல்கிறது, உப்பு பின்தங்குகிறது. பத்து லிட்டரில் ஏறத்தாழ நான்கு லிட்டர் நன்னீராகும். எஞ்சியது மிகு உப்போடு கடலுக்கே திரும்பும். சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-ஆம் ஆண்டிலும், நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட ஆலைகளும் இம்முறையைச் சார்ந்தவையே. கரிசல் காட்டுக் கிணற்றில் உவர்நீரை இறைத்துப் பார்த்துக் கைவிட்ட குடும்பங்களுக்கு, இச்சவ்வின் அருமையை நான் கூற வேண்டியதில்லை. ஆனால் இந்நீர் இலவசமன்று. கரையிலுள்ள பெரிய ஆலைகளிலேயே ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. கப்பலில் மின்சாரம் என்றால் எரிபொருள் என்று பொருள். குழாயில் ஒழுகும் ஒவ்வொரு துளியும் எண்ணெய்க் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆகவேதான் நீருக்கு நடுவே இருக்கும் கப்பல் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. கப்பலின் கழிவறைகள் காற்றை உறிஞ்சும் விசையால் இயங்குவன. நம் வீடுகளில் ஒருமுறை ஆறு, ஏழு லிட்டர் கொட்டப்படும் இடத்தில், அங்கே ஒரு லிட்டர் அளவே போதும். குளித்த நீரும் துவைத்த நீரும் தனியே, கழிவறை நீர் தனியே, சமையற்கூட நீர் தனியே எனப் பிரித்துத் தூய்மை செய்கின்றனர். நம் நாட்டுச் சிற்றூர்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்நீர் தருவது 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு. உல்லாசப் பயணி அதைப்போல் பல மடங்கு செலவிடுகிறார் என்பது உண்மையே. ஆனால் அவர் செலவிடுவது இவ்வளவு என்பதை அக்கப்பலில் ஒருவர் நாள்தோறும் அளந்து எழுதுகிறார். நம் ஊர்த் தெருக்குழாய் இரவெல்லாம் ஒழுகினால், அதை அளந்து எழுதுபவர் யார்?

பந்தி முடிந்தால் எச்சிலை உண்டு. கப்பலில் அது பெரிய சிக்கல். கடலில் எதை வேண்டுமானாலும் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. 1973-ஆம் ஆண்டில் உருவாகி 1978-இல் திருத்தப்பட்ட 'மார்ப்போல்' என்னும் உலக உடன்படிக்கை அதற்குத் தடை விதித்தது. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் எறியலாகாது. உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் கடக்குமளவு நொறுக்கினால், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் விடலாம். நொறுக்காவிட்டால் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். சிறப்புக் கடற்பகுதிகளில் விதி இன்னும் கடுமையானது. விதி இருந்தும் கடல் முற்றிலும் தூய்மையாகிவிடவில்லை. அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொண்டு பாதியை விட்டுச் செல்லும் பழக்கம், தாமே எடுத்துண்ணும் கூடத்தில் மிகுதி. எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும் தட்டில் மிச்சம் வைக்கும் மனிதனைக் கணக்கில் அடக்குவது கடினமாகவே உள்ளது.

உண்டபின் பொழுதுபோக்கு. நாடக அரங்கு, இசைக்கூடம், நூலகம், குழந்தைகள் விளையாடுமிடம், நீச்சற்குளம் ஆகியவை பெரிய கப்பல்களில் வழக்கமானவை. 1999-இல் வெளிவந்த ஒரு கப்பலில் பனிச்சறுக்குத் தளமே அமைந்தது. 2009-இல் வெளிவந்த மற்றொன்றில் உயிருள்ள செடிகொடிகளோடு ஒரு பூங்கா தோன்றியது. 'ஐகான்' கப்பலில் நீச்சற்குளங்கள் மட்டும் ஏழு. உயரமான தளத்தில் குளம் வைப்பது விளையாட்டுச் செயலன்று. தளும்பும் நீரின் பாரம் கப்பலின் நிலைப்பைக் கெடுக்கும். நிறைகுடத்தைவிட அரைக்குடத்தைச் சுமப்பது கடினம் என்பதைத் தண்ணீர் சுமந்தவர் அறிவார், காரணமும் இதுவே. கப்பல் உருளாதிருக்க, அதன் பக்கங்களில் நீருக்குள் சிறகு போன்ற அமைப்புகள் நீண்டு, அலைக்கு எதிராகத் திரும்பித் திரும்பி அதனை நிறுத்துகின்றன. கடல் கொந்தளித்தால் குளத்தை மூடிவிடுவார்கள்.

பொழுதுபோக்கிலும் கணக்கு உண்டு என்பதை இளைஞர்கள் அறிதல் நலம். பயணக் கட்டணம் குறைவாகத் தோன்றலாம். மது, சூதாட்டம், கடைகள், தனி உணவகங்கள், துறைமுகத்தில் ஊர் சுற்றும் ஏற்பாடுகள் ஆகியவற்றால் வரும் வருவாயைக் கப்பல் நிறுவனங்கள் பெரிதும் நம்பியுள்ளன. அங்கே நாணயமும் நோட்டும் கைமாறுவதில்லை. ஓர் அட்டையைக் காட்டினால் போதும். காசு கண்ணில் படாதபோது செலவும் மனத்தில் படுவதில்லை. பயணத்தின் இறுதி நாளில் அட்டைக்குரிய கணக்கு வரும்போதுதான் பலருக்குக் கடல் மயக்கம் தெளிகிறது.

இனி, பந்தியில் உண்பவரை விட்டுப் பந்தி பரிமாறுபவரைப் பார்ப்போம். உங்களில் சிலருக்கு இப்பகுதியே மிகவும் வேண்டியதாகலாம். உணவகத் தொழிற்கல்வி கற்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் இன்று உல்லாசக் கப்பல்களில் சமையற்காரர்களாகவும் பரிமாறுவோராகவும் அறைகளைப் பேணுவோராகவும் பணி செய்கின்றனர். வேலை பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். பயணிக்கு ஏழு நாள் விடுமுறை என்றால், பணியாளருக்கு ஏழு நாளும் வேலைநாளே. கீழ்த்தளத்தில் சாளரமில்லாத சிற்றறையை ஒருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். அவர்களைக் காப்பதற்கென 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உருவாகி, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. ஒரு நாளில் பத்து மணிநேரத்துக்கும், ஏழு நாளில் 77 மணிநேரத்துக்கும் குறையாத ஓய்வு வேண்டும் என்பது அது வகுத்த அளவுகளுள் ஒன்று. வேலை வாங்கித் தருவதற்காகக் கடற்பணியாளரிடம் கட்டணம் பெறுவதையும் அது தடுக்கிறது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்று போன்ற சில செலவுகளே அவருடையவை.

இதை ஏன் வற்புறுத்திக் கூறுகிறேன் என்றால், மழை பொய்த்த ஊர்களில்தான் ஆசைவார்த்தை எளிதில் விலைபோகும். "கப்பலில் வேலை, இலட்சக்கணக்கில் சம்பளம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவர் வந்தால், நகையை அடகு வைத்தேனும் நிலத்தை விற்றேனும் பணம் கட்டிவிட்டுக் கப்பலைக் காணாமலே நிற்கும் குடும்பங்கள் உண்டு. கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் இந்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றோர் பட்டியலை அவ்வியக்ககமே வெளியிடுகிறது. அப்பட்டியலைப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கடற்பணியாளர் பதிவுப் புத்தகமும், தீயணைத்தல், உயிர் காத்தல் முதலிய அடிப்படைப் பயிற்சியும் எவை, எங்கே பெறுவது என்பதை முதலில் அறிந்துகொண்ட பின்பே கையெழுத்திடுங்கள். அன்று 'ரஜூலா'வின் தளத்தில் பாய் விரித்துச் சென்ற பாட்டன்மாருக்கு இதைச் சொல்வதற்கு ஆளில்லை. நீங்கள் அறியாமல் ஏற வேண்டியதில்லை.

நண்பர்களே, தொடக்கத்தில் கண்மாயைப் பற்றிக் கூறினேன். இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களிலேயே கொட்டிவிடுகிறது. கப்பலுக்குத் துறைமுகத்தில் ஒரு பகல் போல், இந்நிலத்துக்கு அச்சில நாள்கள். அந்நாள்களில் ஏற்றிக்கொண்டதை வைத்தே ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும். இதை அறிந்தே முன்னோர்கள் கண்மாய் வெட்டினார்கள்; வரத்துக்காலைத் தூர் வாரினார்கள்; மிகுந்த நீர் கரையை உடைக்காமல் அடுத்த கண்மாய்க்குச் செல்லக் கலுங்கு கட்டினார்கள்; மடை திறந்து முறைவைத்து வயலுக்கு நீர்விட நீர்ப்பாய்ச்சியை அமர்த்தினார்கள். யாருக்கு எவ்வளவு நீர், எந்த நாளில், எத்தனை நாழிகை என்பதற்கு ஊரில் கணக்கிருந்தது. கப்பலின் கீழ்த்தளத்தில் அளவுகருவியைப் பார்த்து எழுதும் பணியாளரும், மடைமுகத்தில் நின்ற நீர்ப்பாய்ச்சியும் செய்வது ஒரே தொழில்.

கப்பலில் அக்கணக்கு ஒரு நாள் தவறினால், மறுநாளே பதினாயிரம் பேருக்கும் தெரிந்துவிடும். ஊரில் தவறினால் உடனே தெரிவதில்லை. வரத்துக்கால் மெல்ல மெல்லத் தூர்ந்து, கருவேல் முளைத்து, கண்மாய் மேடாகி, ஒரு தலைமுறை கழிந்த பின்பே தெரிகிறது. அதற்குள் கணக்கறிந்தவர் மறைந்துவிடுகிறார்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய்க்குச் செல்லுங்கள். அதற்கு எத்தனை மடை, கலுங்கு எங்கே, நீர் எந்த வழியாக வந்தது, அவ்வழி இன்று திறந்துள்ளதா என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உல்லாசக் கப்பலில் ஏறும் வாய்ப்பு உங்களில் சிலருக்கு, விருந்தினராகவோ பணியாளராகவோ, என்றேனும் கிட்டலாம். அன்று அதன் ஒளிவிளக்குகளையும் நீச்சற்குளங்களையும் கண்டு வியக்கும்போது, அதன் கீழ்த்தளத்திலும் உங்கள் நோட்டுப் போல் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.